வேடியப்பன் கல்லைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

போரில் இறந்தவர்களுக்கான நினைவிடம் என்றால் புல்தரையும் பளிங்குச் சுவரும் அணையா விளக்கும்தான் பலருக்குக் கண்முன் வரும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அது புளியமரத்தடியிலோ ஏரிக்கரையிலோ கேழ்வரகுக் கொல்லை வரப்பிலோ இடுப்பளவு உயரப் பலகைக்கல்லாக நிற்கும். இதுதான் நடுகல், ஊர்க்காரர்கள் சொல்லும் வேடியப்பன் கல். பக்கத்தில் பெயர்ப்பலகை இருக்காது. எண்ணெய்ப் பிசுக்கும் மஞ்சளும் குங்குமமும் ஏறிய கல்லில், வில்லோடு ஒருவன் பாய்கிற கோலம் மங்கலாகத் தெரியும். தமிழ்நாட்டு நடுகற்களில் பெரும்பங்கு இந்த இரண்டு மாவட்டங்களிலும் இவற்றை ஒட்டிய திருவண்ணாமலை, வேலூர் வட்டாரங்களிலும் கிடைத்தவை. மேய்ச்சல் காடும் மாட்டு மந்தையும் நிறைந்த எல்லைப்புறம் இது. பல்லவர், கங்கர், பாணர், நுளம்பர், சோழர், ஒய்சாளர் என்று மாறி மாறி மோதிக்கொண்ட இடம். மந்தையைக் கவர்வதுதான் பல சண்டைகளுக்குத் தொடக்கம். அதில் விழுந்தவனுக்குக் கல் நட்டார்கள். அரசன் பெயர் அதில் தேதி சொல்லத்தான் வரும், கல் அந்தச் சேவகனுக்கு உரியது.

ஒரு நாளில் எட்டுப் பத்துக் கல் பார்த்துவிடலாம் என்று திட்டம் போடாதீர்கள். நாலே அதிகம். ஏன் என்பது வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லும்போது புரியும்.

முதலில் அருங்காட்சியகம், பிறகு கொல்லை

நேராகக் காட்டுக்குப் போனால் எதைப் பார்க்கிறோம் என்றே பிடிபடாது. எண்ணெய் ஏறாத, மண்ணில் புதையாத, முழு உருவமும் தெரியும் கற்களை முதலில் பார்த்துக் கண்ணைப் பழக்க வேண்டும். அதற்குத் தருமபுரியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது, கிருஷ்ணகிரியில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. இரண்டிலும் நடுகற்கள் உண்டு. இரண்டும் வெவ்வேறு துறை, விடுமுறை நாளும் வேறு. அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. வாரக் கடைசியில் கிளம்பிப் பூட்டைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் அதிகம். புதன் அல்லது வியாழன் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி ஏறக்குறைய 50 கிலோமீட்டர், அங்கிருந்து தருமபுரியும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். எல்லாம் ஒரே நெடுஞ்சாலை. ரயிலில் வருகிறவர்கள் தருமபுரியில் இறங்கலாம். கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயில் நிலையம் கிடையாது, பேருந்துதான். கிராமத்துக் கற்களுக்கு நகரப் பேருந்தை நம்பினால் பாதி நாள் நிறுத்தத்திலேயே போய்விடும். இருசக்கர வண்டி உத்தமம். கார் பல இடங்களில் ஊர் முகப்பிலேயே நின்றுவிடும்.

அருங்காட்சியகத்தில் ஒவ்வொரு கல் முன்னாலும் பத்து நிமிடம் நில்லுங்கள். வீரன் எந்தக் கையில் எதைப் பிடித்திருக்கிறான், காலடியில் என்ன இருக்கிறது, எழுத்து எங்கே தொடங்குகிறது என்ற மூன்றை மட்டும் கவனித்தால் போதும்.

எந்த மாதம், என்ன கொண்டுபோக வேண்டும்

தை, மாசி மாதங்களே நல்ல காலம். ராகி அறுத்திருப்பார்கள், புல் காய்ந்திருக்கும், கொல்லைக்குள் கால் வைத்தாலும் யாருக்கும் நட்டமில்லை. ஐப்பசி, கார்த்திகையில் புதர் மண்டிக் கல்லே கண்ணுக்குத் தெரியாது, பாம்புத் தொல்லை வேறு. சித்திரை, வைகாசியில் பத்து மணிக்கு மேல் கல்லைத் தொட முடியாது. கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்புக்குள் நிற்கும் கற்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. காய் பிடித்த பிறகு தோப்புக்குள் தெரியாத ஆள் நுழைந்தால் மாங்காய் பறிக்க வந்தவன் என்றுதான் நினைப்பார்கள். காவல்காரரிடம் சொல்லிவிட்டு நுழையுங்கள்.

ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், தொப்பி, முள் ஏறாத காலணி. வேலிகாத்தான் முள் சாதாரணச் செருப்பைத் துளைத்துவிடும். ஒரு கைத்தடி. 2 அங்குல அகலமுள்ள மெத்தென்ற வண்ணப் பிரஷ், புதியதாக இருக்கட்டும். நல்ல எல்இடி டார்ச். ஒரு அடிக்கு ஒன்றரை அடி அளவில் முகம் பார்க்கும் கண்ணாடி, உடையாமலிருக்கத் துண்டில் சுற்றிக்கொள்ளுங்கள். கறுப்புக் குடை. அளவுநாடா, நோட்டு, பென்சில். சாக்குக்கட்டி, மாவு, சுண்ணாம்பு, கம்பிப் பிரஷ், சோப்புத்தூள் ஆகியவற்றைப் பையிலேயே வைக்காதீர்கள். காரணம் கீழே வருகிறது.

கேட்கத் தெரிந்தால்தான் கல் கிடைக்கும்

ஊருக்குள் போய் "நடுகல் எங்கே இருக்கிறது" என்று கேட்டால் பெரும்பாலும் உதட்டைப் பிதுக்குவார்கள். அந்தச் சொல் பாடப்புத்தகத்தில் இருப்பது. தருமபுரி, அரூர், ஊத்தங்கரைப் பக்கம் அது வேடியப்பன். செங்கம் போகும் திசையில் மீனாரப்பன், சாணாரப்பன் என்ற பெயர்களும் வரும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசுகிற ஊர்களில் வீரகல்லு என்றால் உடனே புரியும். கணவனோடு தீப்புகுந்தவளுக்கு வைத்த கல் அங்கே மாஸ்திகல்லு. வயதானவர்களிடம், "தாத்தா, இந்தப் பக்கம் வில்லு புடிச்ச மாதிரி உருவம் இருக்குற வேடியப்பன் கல்லு எங்கங்க இருக்குது?" என்று கேளுங்கள். மாடு மேய்க்கிறவர்கள்தான் இதில் கூகுள் வரைபடத்தைவிட மேல். அவர்கள் சொல்லும் "கூப்பிடு தூரம்" இரண்டு கிலோமீட்டர் வரை போகலாம், அதற்கும் தயாராக இருங்கள்.

கல் எங்கே நின்றாலும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். நிலம் யாருடையது, கும்பிடுகிறவர்கள் யார். பல இடங்களில் இது ஒரு குடும்பத்தின் அல்லது ஒரு வகையறாவின் குலதெய்வம். பூசாரியோ அந்தக் குடும்பத்துப் பெரியவரோ சம்மதித்த பிறகுதான் கல்லுக்குக் கிட்டே போக வேண்டும். கழற்றச் சொல்லும் முன்னே செருப்பைக் கழற்றுங்கள். எந்த எல்லை வரை வரலாம், யார் யார் வரலாம் என்பது கோயிலுக்குக் கோயில் மாறும், வாதாட வேண்டாம். கிடா வெட்டும் நாளிலோ மாட்டுப் பொங்கலன்றோ போனால் வழிபாட்டைப் பார்க்கலாம். எழுத்தைப் படிக்க முடியாது, மாலைக்குள் எல்லாம் மறைந்திருக்கும்.

இன்னொன்று. "புதையல் தேடுகிறார்கள்" என்ற சந்தேகம் இந்தப் பக்கத்தில் சட்டென்று கிளம்பும். கடப்பாரை, மண்வெட்டி, உலோகம் தேடும் கருவி எதுவும் உங்கள் வண்டியில் இருக்கக் கூடாது. மாலை இருட்டிய பிறகு டார்ச் அடித்துக் கல்லைச் சுற்றி நிற்பதும் வேண்டாம்.

வெளிச்சம்: எல்லாத் தோல்விக்கும் காரணம் இதுதான்

நடுகல் எழுத்து ஆழமாக வெட்டியதல்ல. ஆயிரம் ஆண்டு மழையும் வெயிலும் தின்ற பிறகு மிச்சமிருப்பது சில மில்லிமீட்டர்கூட இராது. உச்சி வெயிலில் நேர் எதிரே நின்று பார்த்தால் சொரசொரப்பான கருங்கல்தான் தெரியும், எழுத்தே இல்லை என்று சத்தியம் செய்வீர்கள். அதே கல்லில் காலை ஏழரை மணிக்குச் சூரியன் பக்கவாட்டில் விழும்போது வரி வரியாக எழும்பி வரும். பள்ளத்தின் ஒரு ஓரம் நிழலாகி மறு ஓரம் ஒளிர வேண்டும், அதற்கு ஒளி கல்லின் பரப்பை உரசிக்கொண்டு போக வேண்டும்.

அதனால் முதல் வேலை, கல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று அறிவது. கிழக்கு பார்த்த கல்லுக்கு முற்பகலின் கடைசியில், சூரியன் உச்சிக்கு ஏறி முகத்தை மேலிருந்து உரசும் நேரம் ஒன்று கிடைக்கும். மேற்கு பார்த்ததற்கு அதே சந்தர்ப்பம் பிற்பகலில். தெற்கு பார்த்த கல்லுக்குத் தை மாதத்தில் காலையும் மாலையும் பக்கவாட்டு வெயில் தாராளம். வடக்கு பார்த்த கல் அந்த மாதங்களில் நிழலிலேயே கிடக்கும். அதற்குத்தான் கண்ணாடி. ஒருவர் வெயிலில் பத்துப் பதினைந்து அடி தள்ளி நின்று கண்ணாடியால் ஒளியைத் திருப்பிக் கல்லின் ஓரத்திலிருந்து பாய்ச்ச வேண்டும். இன்னொருவர் படிக்க வேண்டும், படம் எடுக்க வேண்டும். கல்வெட்டுக்காரர்கள் செய்வதும் இதையேதான். கண்ணாடி ஒளியைப் படிக்கிறவர் கண்ணில் அடித்துவிடாதீர்கள்.

மரநிழலில் நிற்கும் கல்லுக்குக் குடையால் மேல் வெளிச்சத்தை மறைத்து, டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடியுங்கள். கல் பரப்புக்கும் ஒளிக்கும் உள்ள கோணம் 15 பாகையைத் தாண்டினால் பயன் போய்விடும். இடமிருந்து ஒரு படம், வலமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று. இந்த மூன்றும் கட்டாயம். பக்க ஒளியில் காணாமல் போகும் கிடைக்கோடு மேலொளியில்தான் வரும். ஃபோனின் பிளாஷை அணைத்துவிடுங்கள். அது நேர் எதிரே அடித்து எல்லா நிழலையும் கொன்றுவிடும். கேமராவைக் கல்லுக்கு நேராக, சாய்க்காமல், கல்லின் நடு உயரத்துக்குக் குனிந்து பிடியுங்கள். ஓரத்தில் ஒரு அளவுகோல் இருக்கட்டும்.

இப்படி ஒரு கல்லுக்கு ஒன்றரை மணி நேரம் சர்வசாதாரணமாகப் போகும். நாலு கல் என்று சொன்னதன் கணக்கு அதுதான்.

உருவத்தைப் படிப்பது

எழுத்துக்கு முன் உருவம். பழைய கற்களில் பெரும்பாலும் ஒரே வீரன். ஒரு கையில் வில், மறு கையில் குறுவாளோ அம்போ, ஒரு கால் முன்னே மடங்கிப் பாயும் நிலை. மார்பிலும் தொடையிலும் கோடுகள் குத்திட்டு நின்றால் அவை அவன் உடம்பில் தைத்த அம்புகள். எண்ணிப் பாருங்கள். காலருகே மாடு இருந்தால் அது மந்தைச் சண்டை. கெண்டி (மூக்கு வைத்த சிறு கலம்), சிமிழ் போன்ற சின்னச் சின்னப் பொருள்களும் தெரியும். அவற்றைக் கல்லின் பொக்கை என்று நினைத்துத் தாண்டிவிடுகிறார்கள். கெண்டி இறந்தவனுக்கான கள். தகடூர் அதியமான் இறந்தபோது ஔவை பாடிய புறநானூற்று 232-ஆம் பாட்டில் இதே காட்சி இருக்கிறது: நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள்ளை வார்க்கிறார்களே, நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இதை வாங்கிக்கொள்வானா என்று கேட்கிறாள். அந்தத் தகடூர்தான் இன்றைய தருமபுரி. பாட்டைக் கேட்டுவிட்டுக் கெண்டியைப் பார்த்தால் வேறு மாதிரித் தெரியும். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போய்ப் போரைத் தவிர்க்கப் பார்த்தவளும் இதே ஔவைதான்.

பிற்காலக் கற்கள் இரண்டு, மூன்று அடுக்காக இருக்கும். கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். அடியில் சண்டை, நடுவில் தேவமகளிர் வீரனைக் கைப்பிடித்து மேலே கொண்டுபோவது, உச்சியில் லிங்கத்தின் முன் அவன் அமர்ந்திருப்பது. மேலிருந்து கீழாகப் படித்தால் கதை தலைகீழ். வேப்பனப்பள்ளி பக்கத்துக் குந்தாணி, சின்னகொத்தூர் பகுதி 13-ஆம் நூற்றாண்டில் ஒய்சாளர் செல்வாக்கோடு இருந்த இடம். அங்கே போனால் பழைய தனிவீரன் கல்லுக்கும் இந்தப் பிற்கால வேலைப்பாட்டுக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குப் பழகும்.

எல்லாமே போர்க்கல் அல்ல. எதிரே புலி பாய்ந்தால் புலிக்குத்திக்கல், பன்றி என்றால் பன்றிக்குத்திக்கல். வீரன் தன் தலைமயிரைப் பிடித்துக் கழுத்தில் வாளை வைத்திருந்தால் அது நவகண்டம், தன்னையே பலி கொடுத்தவன். தூணிலிருந்து வளையலோடு ஒரு கை மட்டும் மடங்கி உயர்ந்திருந்தால் சதிக்கல். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நாய்க்கும் பங்கு உண்டு. கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்வரைக் கடித்துக் காத்து நின்றதைக் கல்லே சொல்கிறது. மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு. தருமபுரியிலிருந்து ஒரு நாள் பயணமாகப் போய்வரலாம். கிருஷ்ணகிரி மாவட்டம் மல்லச்சந்திரத்தில் பலகைக்கற்களை நிறுத்தி மேலே மூடியிட்ட கற்திட்டைகளை "பெரிய நடுகல்" என்று படம் போடுகிறார்கள். அவை அதற்கும் முந்தைய பெருங்கற்கால ஈமச்சின்னங்கள். ஈமச்சின்னம் என்பதில் உறவு உண்டு, நடுகல் அல்ல.

எழுத்து

பழைய கற்களில் வட்டெழுத்து (வளைந்த கோடுகளாலான பழைய எழுத்துமுறை), பின்னவற்றில் தமிழெழுத்து, ஓசூர்ப் பக்கம் கன்னட எழுத்தும் வரும். வட்டெழுத்தைப் படிக்க மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். ஆனால் வாய்பாடு தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டிவிடலாம். "கோவிசைய" என்று தொடங்கும், அரசன் பெயர் வரும். "பருமற்கு" என்றிருந்தால் வர்மனுக்கு என்று பொருள். "யாண்டு" இத்தனை "ஆவது". அடுத்து நாடு, ஊர். யாருடைய சேவகன் அல்லது மகன். பிறகு நிகழ்ச்சி. "தொறு" என்றால் மந்தை. தொறுக் கொண்டு பட்டானா, தொறு மீட்டுப் பட்டானா என்பதுதான் முக்கியம், முன்னவன் கவர வந்தவன், பின்னவன் காக்கப் போனவன். இருவருக்கும் அவரவர் ஊர் கல் நட்டது. "பட்டான்" என்றால் இறந்தான். கடைசிச் சொல் பெரும்பாலும் "கல்". முதலில் கடைசி வரியில் இந்தக் "கல்"லைத் தேடுங்கள். கிடைத்தால் அங்கிருந்து பின்னோக்கி நகரலாம்.

மூன்று இடத்தில் தடுக்கும். பழைய எழுத்தில் புள்ளி இருக்காது, "கல்" என்பது "கல" என்றே நிற்கும். எ, ஏ வேறுபாடும் ஒ, ஓ வேறுபாடும் இருக்காது. பகரமும் வகரமும் பல கல்லில் அண்ணன் தம்பிபோல் இருக்கும். அப்புறம் வரிகள் நேர்கோட்டில் போகாது. உச்சியில் தொடங்கி, தலைக்கு இருபுறமும் உடைந்து, தோளோரம் இறங்கி, சில சமயம் கால்களுக்கு நடுவில் முடியும். வரியை வரைந்துகொண்டு எண் போடுங்கள், நோட்டில்.

ஊகித்ததைப் படித்ததாக எழுதாதீர்கள். தெரியாத எழுத்துக்கு ஒரு புள்ளி வையுங்கள்.

கல்லுக்குக் கெடுதல் செய்யாமலிருக்க

சாக்குக்கட்டியால் எழுத்தை நிரப்பிப் படம் எடுப்பதுதான் அதிகம் நடக்கிற தவறு. சாக்கு கல்லின் நுண்துளைக்குள் இறங்கினால் எளிதில் வெளியே வராது. அதைவிட மோசம், நீங்கள் எங்கே கோடு இருப்பதாக நினைத்தீர்களோ அது படத்தில் எழுத்தாகிவிடும். பிறகு வருகிறவர் உங்கள் பிழையைத்தான் படிப்பார். மாவு தூவினால் எறும்பும் பூஞ்சையும் சேரும். கம்பிப் பிரஷ் பாசியோடு எழுத்தின் விளிம்பையும் சுரண்டும். காய்ந்த தூசியை மெத்தென்ற பிரஷால் மேலிருந்து கீழாகத் தட்டுங்கள், அதோடு நிறுத்துங்கள். எண்ணெய்ப் பிசுக்கை உங்கள் கையால் கழுவ வேண்டாம். அது அவர்கள் தெய்வத்தின் மேலிருப்பது, கழுவத் தெரியாமல் கழுவினால் கல்லும் கெடும். மைப்படி எடுப்பது, அதாவது கல்லில் ஈரத்தாளை ஒட்டி மை ஒற்றி எழுத்தைப் படியெடுப்பது, பயிற்சி பெற்றவர் வேலை.

ஊர்க்காரர்கள் நல்ல மனதோடு செய்வதிலும் சேதம் உண்டு. எனாமல் பெயிண்ட் அடித்தால் ஈரம் உள்ளே சிக்கி, பெயிண்ட் உரியும்போது கல் பரப்பும் செதிலாக வரும். கல்லைத் தூக்கிச் சிமெண்ட் மேடையில் பதிக்கும்போது அடியில் உள்ள இரண்டு மூன்று வரி சிமெண்டுக்குள் போய்விடும். பெயர் அந்த வரியில் இருந்தால் அவன் பெயரே போயிற்று. மேடை கட்டப் போவதாக யாராவது சொன்னால், "அண்ணா, எழுத்து முடியிற எடத்துக்குக் கீழதான் சிமெண்ட் வரணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள். முடிந்தால் முழுக் கல்லையும் அதற்கு முன் படம் எடுத்துவிடுங்கள்.

புதிய கல் கண்ணில் பட்டால்

அசைக்க வேண்டாம், தோண்ட வேண்டாம், சாய்ந்திருந்தாலும் நிமிர்த்த வேண்டாம். தரைக்கு மேலே உயரம், அகலம், கனம், முகம் பார்க்கும் திசை, வரிகளின் எண்ணிக்கை, கிராமம், முடிந்தால் சர்வே எண் ஆகியவற்றை எழுதுங்கள். நாலு பக்கமும் ஒவ்வொரு படம், தூரத்திலிருந்து அடையாளம் தெரிகிற மாதிரி ஒன்று. இவற்றைக் கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ கொடுத்து, ஒரு பிரதியை மாவட்ட அருங்காட்சியகத்துக்கு அனுப்புங்கள். மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்ததென்றால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவிப்பதே சரியான வழி. நூறாண்டு கடந்த சிற்பம் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும், வீட்டு வாசலுக்கு அழகாக இருக்கும் என்று எடுத்துப்போனால் வழக்கு.

சமூக ஊடகத்தில் படம் போடும்போது துல்லியமான இருப்பிடத்தை நீக்கிவிடுங்கள், ஃபோன் தானாகச் சேர்க்கும் இடக்குறிப்பையும் சேர்த்து. ஊர்ப் பெயர் வரை போதும். கல்லைக் காட்டிக்கொடுத்த தாத்தாவுக்கு மட்டும், முடிந்தால் படத்தை அச்செடுத்து, கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று பின்னால் பெரிய எழுத்தில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள்.